நாலாவது ஸ்க்ரூ

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டவன் ஆயிற்றே! அவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாலும், "உன் வீட்டுக்காரருக்கு இன்னும் வேணுமான்னு கேளு" என்று மகளிடம்தான் சொல்வார். அப்படிப்பட்டவர் இப்போது குளியலறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். மகள் வேலைக்குப் போய்விட்டாள். தூது சொல்ல ஆளில்லை.

குற்றவாளி இவனேதான். குளியலறைக் கதவின் கைப்பிடி ஆடுகிறது என்று போன வாரம் மகள் வழியாகப் புகார் வந்தது. நல்ல பேர் வாங்கும் ஆசையில், மின்சார ஸ்க்ரூடிரைவரால் நாலு ஸ்க்ரூவையும் தலை தேயத் தேய முறுக்கித் தள்ளினான். கைப்பிடித் தகடு வளைந்தது, ஆட்டம் நின்றது. இன்று கைப்பிடி திரும்புவதே மொத்தமாக நின்றுவிட்டது.

"யாரு வெளிய?"

"நான்தான் அத்தை."

உள்ளே கைப்பிடியை இன்னொரு தடவை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"கதவ உடைச்சிடாதீங்க."

அவனிடம் நேராகச் சொல்லப்பட்ட முதல் பேச்சு! அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவு திறந்ததும் இது நின்றுபோகுமே என்ற பயமும் கூடவே வந்தது.

இம்முறை ஸ்க்ரூ தலையின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் டிரைவராகத் தேடி எடுத்தான். அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்பியதில் மூன்று ஸ்க்ரூ வந்துவிட்டன. நாலாவது வழுக்கியது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணு மட்டும் அடம் பிடிக்குது அத்தை."

"யாரு போட்டது அத?"

"நான்தான்."

உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு. "சரி, அவசரப்படாதீங்க. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

பட்டையான ரப்பர் பேண்ட் ஒன்றைத் தேய்ந்த தலைமேல் விரித்து, அதன்மேல் டிரைவரை வைத்து உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்தான். முதலில் இறுக்கும் பக்கம் துளி திருப்பினான். பிறகு தளர்த்தும் பக்கம். கிறீச்சென்று அசைந்து கொடுத்தது.

கைப்பிடியோடு தகட்டைக் கழற்றி, உள்ளே தெரிந்த சதுரத் துளையில் டிரைவரை விட்டுத் திருப்பினான். கதவு திறந்தது. மாமியார் ஈரத் தலையில் துண்டோடு வெளியே வந்தார், அவனைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். ஒரு வார்த்தை இல்லை.

அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான். மனசு விட்டுப்போயிற்று. வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, புது ஸ்க்ரூக்களைக் கையாலேயே போட ஆரம்பித்தான். நாலாவது போய் உட்கார்ந்த பிறகும், பழக்கதோஷத்தில் கை இன்னொரு சுற்றுக்குப் போனது.

"போதும் மாப்பிள்ளை" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "டீ ஆறுது, வாங்க."