பாதிச் சவரம்

“பொம்பள செஞ்சதுன்னு தெரிஞ்சா எந்த ஆம்பள மூஞ்சில பூசுவான், அண்ணி?” என்றான் கொழுந்தன்.

அண்ணியின் கையில் சவரக்கத்தி இருந்தது. கத்திக்குக் கீழே, முகம் நிறைய நுரையோடு அவள் கணவர். ஆண்களுக்கான சவரக் கிரீமும் தாடித் தைலமும் விற்கும் கம்பெனியின் முதலாளி. வெள்ளிவிழா மலருக்காக அவரைப் படம்பிடிக்க வந்தவர் கூடத்தில் காத்திருந்தார். விற்பனையைக் கவனிக்கும் கொழுந்தன், மலரில் வரப்போகும் கம்பெனி வரலாற்றை அப்போதுதான் வாசித்துக் காட்டியிருந்தான். ‘நிறுவனர் இரவு பகலாகக் கண்விழித்து ஆராய்ந்து...’

கண்விழித்தாராம்! சாப்பிட்ட கை காய்வதற்குள் குறட்டை விடுகிற மனிதர். அந்தக் காலத்தில் அவர் வங்கிக் குமாஸ்தா. சவரம் செய்தால் முகமெல்லாம் கொப்புளம்; செய்யாமல் போனால் மேலாளரிடம் பாட்டு. பார்க்கச் சகிக்காமல் அடுப்படியில் எண்ணெயும் சோப்பும் காய்ச்சி, கெட்டதைக் கொட்டி, மறுபடியும் காய்ச்சி, அவர் கன்னத்தில் தடவிப் பார்த்தவள் அவள்தான். இன்றைக்கும் அவள் அவருக்குச் சவரம் செய்து, புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, “சரி” என்று சொல்லாமல் எந்தப் புதுச் சரக்கும் கடைக்குப் போகாது. ஆனால் வரலாற்றில் அவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“இத்தன வருஷமா பூசிட்டுத்தானே இருக்காங்க தம்பி? எவனுக்காவது மீசை உதிர்ந்துச்சா?”

முதலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“விளையாடாதீங்க அண்ணி. ஊர் உலக வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அப்ப மீதி முகத்த அந்த ஊர் உலகத்தையே வழிக்கச் சொல்லுங்க.” கத்தியைக் கிண்ணத்தில் போட்டாள். ஒரு கன்னம் பளபளவென்று இருந்தது. மறு கன்னத்தில் நுரை வழிந்தது.

கொழுந்தன் கத்தியை எடுத்தான். முதலாளி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“உனக்குப் புண்ணியமாப் போகும், கிட்ட வராதடா! தப்பு என்னோடதுதான். நீ வாசிச்சப்பவே நான் வாயத் திறந்திருக்கணும். படம் எடுக்கிறவர இங்க வரச்சொல்லு. இப்படியே எடுக்கட்டும், இவளோட சேர்த்து.”

படம் எடுப்பவர் வந்தார். அவள் மறுபடியும் கத்தியை எடுத்தாள். கொழுந்தன் கொஞ்சம் இறங்கி வந்தான்.

“சரி அண்ணி, படத்துக்குக் கீழ ‘நிறுவனரும் அவர் துணைவியாரும்’னு போட்டுடறேன். போதுமா?”

“‘நிறுவனரும் அவர் கணவரும்’னு போடுங்க.”

கொழுந்தன் திகைத்துப்போய் அண்ணனைப் பார்த்தான்.

“என்னை என்னடா பாக்கற? சொன்னத எழுது,” என்றார் அண்ணன் குலுங்கிச் சிரித்துக்கொண்டே.

“ஆடாதீங்க, கத்தி பட்டுடும்,” என்று கணவரின் தாடையை அழுத்திப் பிடித்தார் நிறுவனர்.