பால் காய்ச்சாத வீடு

"எந்த வூட்டுக்குங்க வுடணும்?"

தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் கணவன் இராஜமாணிக்கத்தின் உடலுக்குக் கால்மாட்டில் அருக்காணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மகன் பிரேம்நாத் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"ம்மா, வாடகை வூட்டுக்காரரு வேணாங்கறாரு. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன், தப்பா நெனச்சிக்காதீங்கன்னு சொல்றாரு."

"அவரு வூடு, அவரு சொல்லுவாரு. நம்ம வூட்டுக்கு வுடச் சொல்லு."

அந்த வீடு அங்கிருந்தே தெரிந்தது. புயல் வெள்ளத்தில் ஆற்றோரத் தெரு முழுவதும் சரிந்த பிறகு, அரசாங்கப் பணத்தில் எழுந்த வரிசையில் கடைசி வீடு. மற்ற வீடுகளுக்குப் பூச்சும் பச்சைக் கதவும் வந்து, பாலும் காய்ச்சியாகிவிட்டது. இதற்குத் தளம் வரைதான். கடைசித் தவணைக்காக வாசல் வெறும் சட்டத்தோடு காத்திருந்தது.

இராஜமாணிக்கத்தின் அண்ணன் நடராசன் வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க எப்புடிம்மா? பால் காய்ச்சாத வூடு. மொத மொதல்ல பொணத்த வெக்கலாமா? நாளைக்கி நீயும் புள்ளையுந்தான் அதுல பொழங்கணும். தெருவுல பந்தல் போடச் சொல்லிட்டேன். இங்கியே வெச்சிக்கலாம்."

"தெருவுலியா மாமா?"

"எல்லாருந்தான் வாசல்ல வெக்கறாங்க."

"வெக்கறவங்க உள்ள இருந்து தூக்கியாந்து வெக்கறாங்க. இவரு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து அப்புடியே தெருவோட போனா, வூடே இல்லாத ஆளு மாதிரி இல்ல?"

நடராசன் தோள்துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

வெள்ளம் வடிந்ததும் வேப்பூர் ரோட்டுப் பக்கம் ஆளுக்கொரு மூலையில் வீடு தருவதாகத்தான் முதலில் சொன்னார்கள். பீங்கான் கம்பெனிச் சூளையில் சாமான் அடுக்குகிற வேலையில், இரைச்சலுக்கு மேல் சத்தமாகப் பேசியே பழகியவர் இராஜமாணிக்கம். ஆபீஸ் வராந்தாவிலும் அதே குரல்தான். "சார், வெள்ளம் அடிச்சிட்டுப் போனது எங்க தெருவ. நீங்க வூட்ட மட்டும் குடுக்கறீங்க. காலையில எழுந்து நான் யாரு மூஞ்சில முழிக்கறது?" அலைந்து அலைந்து, கடைசியில் அதே இடத்தில் கட்டிக்கொள்ள உத்தரவு வந்தது. வெள்ளமட்டத்துக்கு மேல் தரையை உயர்த்த வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதனால் எல்லா வாசலிலும் செங்குத்தாகப் படிகள். "வெள்ளம் ஏறாது, சரி. என் முட்டியும் ஏறாது போலருக்கே," என்றார் இராஜமாணிக்கம்.

கடக்கால் போட்டபோதும், ஜன்னல் மட்டத்திலும், தளம் போட்டபோதும் தவணைக்காக இன்ஜினியர் வந்து அவரை நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

"கொஞ்சம் சிரிங்க பெரியவரே."

"கதவு வரட்டும் சார், சிரிக்கறேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மதிவதனி வந்தாள். அதே கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கறேன். சாவு இப்ப எங்க இருக்குது?"

"என்னாடி கேள்வி இது?"

"வண்டியிலதான? வூட்டுக்குள்ள இன்னும் வரலியே. அதுக்குள்ள பாலக் காய்ச்சிட்டா?"

"தீட்டுடி. அவ கைய வெக்கக் கூடாது."

"அக்கா ஏன் வெக்கணும், நான் வெக்கறேன். நான் வேலைக்குப் போனப்பல்லாம் எங்க வூட்டுச் செவுத்துக்குத் தண்ணி ஊத்துனது யாரு? அவருதான. தெருவுக்குன்னு வந்த பணத்துல கட்டுன வூடு. எவ கையால பொங்குனா என்னா?"

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமா," என்றாள் அருக்காணி. "அவருதான் ஒரு படத்துலயும் சிரிக்கல."

நடராசன் வண்டிக்குள் எட்டித் தம்பியின் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மதிவதனியிடம் திரும்பி, "சீக்கிரம் வையி. வெயிலு ஏறுது," என்றார்.

டிரைவர் கடைசி வீட்டுக்கு நேரே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். கதவில்லாததால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்தது. மூன்று செங்கல். தளத்துக்கு அடித்த பலகைத் துண்டுகள். மதிவதனி குனிந்து ஊத, புகை சுழன்று வெளியே வந்தது.

இதே இடத்தில், இன்னும் கொஞ்சம் தாழ்வாக, பழைய வீடு இருந்தது. அருக்காணிக்குக் கல்யாணமான புதிதில் அங்கே பால் காய்ச்சிய அன்றும் இப்படித்தான் புகை. விறகு ஈரம். வேலை முடிந்து வந்த இராஜமாணிக்கம், கையில் ஒட்டிய வெள்ளைக் களிமண்ணைக்கூடக் கழுவாமல் மண்டியிட்டு ஊதினார். பொங்கியதும் அவள் நீட்டிய டம்ளரை வாங்கிச் சுவரோரமாக வைத்தார்.

"குடிக்கலியா?"

"ஆறட்டும்."

"ஆறுன பாலுல என்னா இருக்குது?"

"ஏடு இருக்குது. அவசரக்காரங்களுக்கு அது கெடைக்காது."

அவள் சிரித்ததில் அடுப்பில் மிச்சமிருந்த பாலும் வழிந்துபோனது. அன்று முதல் அவருக்கு மட்டும் பாலை முன்னதாகவே ஆற்றிவைக்கக் கற்றுக்கொண்டாள். கம்பெனி கழித்துப்போட்ட பீங்கான் துண்டுகளைக் கொண்டுவந்து குழாயடியில் பதித்தார். மகன் அதில் வழுக்கி விழுந்துதான் நடக்கப் பழகினான். எல்லாம் ஆற்றோடு போயிற்று.

"பொங்கிடுச்சுக்கா," என்று மதிவதனி உள்ளிருந்து மெல்லச் சொன்னாள்.

குலவையிட வாயருகே கையைக் கொண்டுபோன ஒருத்தி அப்படியே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டம்ளர்கள் தெருவுக்குள் கைமாறின. ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். நடராசனும் குடித்தார். துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, "தூக்குங்கப்பா," என்றார்.

படியில் ஆண்கள் தடுமாறினார்கள். கீழிருந்து அருக்காணி, "பாத்து, பாத்து. முட்டிய மடக்கிடாதீங்க, அவருக்கு வலிக்கும்," என்றாள்.

தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். அப்போதுதான் தெருப் பெண்கள் குரலெடுத்து அழ ஆரம்பித்தார்கள். அழுகைக்கு நடுவே மதிவதனி ஒரு டம்ளரை நீட்டினாள்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்கக்கா. விடியக்காலையிலேர்ந்து பட்டினி."

அருக்காணி வாங்கினாள். சூடு உள்ளங்கையில் ஏறியது. குடிக்காமல், அவர் தலைமாட்டில், பூசாத சுவரோரமாக வைத்தாள்.

"ஆறிடும்க்கா."

"ஆறட்டும்."

கதவில்லாத வாசல் வழியாக ஆற்றுக்காற்று வந்தது. டம்ளரில் பாலின் மேல்புறம் லேசாகச் சுருங்கி, ஏடு கட்டத் தொடங்கியது.