மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ரெண்டு, ரோஸ்ல பாதி

ஆசியாக் கண்டத்திலேயே எந்த மருந்தும், எந்தப் போதையும் ஏறாத உடம்பு ஒன்றே ஒன்றுதான். அது கீரமங்கலத்தில் இருக்கிறது. அது தன்னுடையது. எங்கள் சித்தப்பா அய்யாக்கண்ணு இதை மிகுந்த பொறுப்போடு சொல்வார். ஆதாரமும் வைத்திருக்கிறார். கடைவாய்ப்பல் பிடுங்கும்போது மரத்துப்போக மூன்று ஊசி போட்டும் அவருக்கு மரக்கவில்லை. வலியில் கத்தியதைச் சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரியும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இருபத்திரண்டு வருஷமாக டிராவல்ஸ் கார் ஓட்டுகிறார். பீடி, பாக்கு, பிராந்தி எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவர் முகத்துக்கு நேரே முதலாளி பிரவீன்குமார் போன மாதம் ஒரு பெட்டியை மாட்டினார். சோப்பு டப்பா அளவு. உள்ளே இருக்கும் கேமரா டிரைவரின் கண்ணையும் இமையையும் பார்த்துக்கொண்டே வரும். சந்தேகம் வந்தால் ஒரு பெண் குரல் பேசும். "ஓட்டுநர் போதைப்பொருள் பாதிப்பில் உள்ளார். வாகனத்தை ஓரமாக நிறுத்தவும்." அதே நொடியில் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் பெயரோடு தகவல் போய்விடும். பாதி வழியில் நாமாகவே வேறு டிரைவரைக் கூப்பிட்டாலும் அதுவும் ஒரு எச்சரிக்கைதான். மூன்று சேர்ந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

அதில் முதலில் சிக்கியவர் கூட ஓட்டும் டிரைவர் அன்வர் பாட்சா. கண் பரிசோதனைக்கு விட்ட சொட்டு மருந்தோடு வண்டி எடுத்திருக்கிறார். பெட்டி சொன்னதும் விராலிமலையில் ஓரம் கட்டி, வேறு டிரைவரை வரவழைத்து, இடது சீட்டில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தார். சித்தப்பா அவரைக் கார் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏன் பாய், சோப்பு டப்பா சொன்னா நிப்பாட்டிருவீங்களா? நாளைக்கு வைப்பர் சொன்னா எறங்கி நடப்பீங்களா?"

"கண்ணு மங்கலாத்தான் இருந்துச்சு. வண்டியில ஆளு இருக்குல்ல."

"ஸ்டீயரிங்கை இன்னொருத்தன்ட்ட குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்து வாரவன் டிரைவர் இல்ல பாய். லக்கேஜ்."

அடுத்த வாரமே பெட்டி சித்தப்பாவைப் பிடித்தது. குற்றம், தொடர்ந்து நாலு தும்மல். நாலு நாள் கழித்து மறுபடியும். தாய்மாமா இறந்த சேதி போனில் வந்து கண் கலங்கியிருந்தது. பெட்டிக்குக் கஞ்சாவும் ஒன்று, கண்ணீரும் ஒன்று. இரண்டுக்கும் வேறு வேறு வாசகம் எழுத அதைச் செய்தவர்களுக்கு நேரமில்லை. மனிதனுக்கு மூக்கு ஒழுகும், மாமன் சாவான் என்பதெல்லாம் அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை. குழுவில் ஒருவர் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டார். அது மாமாவுக்கா, சித்தப்பாவின் பெயருக்கா என்று தெரியவில்லை. ரேஷன் கடையில் ஒரு அம்மா சித்தியிடம், "ஒங்க வீட்டுக்காரருக்கு இந்த வயசுலயா?" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்துப் பெயர், இரண்டு குறுஞ்செய்தியில் காலி.

சித்தப்பா முதலாளியிடம் போனார்.

"தம்பி, நேத்துத்தான் வேளாங்கண்ணி போய்ட்டு வந்தேன். சளி நெஞ்சைப் புடிக்கிது. நாளைக்கு ஒரு நாள் விடுங்க."

"ஏர்போர்ட் சவாரிண்ணே. மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கிப் போட்டுட்டு ஏறுங்க, சரியாப்போகும்."

போதைக்கு எதிராகப் பெட்டி மாட்டியவரும் இவர்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டு என்றவரும் இவர்தான். இதை யாரும் எந்தக் குழுவிலும் போடவில்லை.

எங்கள் பக்கம் மெடிக்கலில் சளி என்றால் போதும். நாலைந்து மாத்திரையைப் பிரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, "ஒரு வேளைக்கு" என்று கொடுத்துவிடுவார்கள். பெயர் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மறுநாள் காலை சவாரி, மலேசியாவிலிருந்து வரும் மகனைக் கூப்பிடப் போகும் சம்சுன் நிஹார் அக்காவுக்கு. ஓசியில் திருச்சி போகலாம் என்று நானும் முன் சீட்டில் ஏறினேன். சித்தப்பா மெடிக்கல் உறையை எங்கள் முன்னாலேயே வாயில் கவிழ்த்து, தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். இன்னொரு எச்சரிக்கை வந்தால் சித்தப்பா கதை முடிந்தது. அதனால் முந்தைய நாள் சாயங்காலமே கண்ணாடி முன்னால் நிறுத்தி அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தேன். கண்ணை அகல விரி, தாடையைத் தூக்கு, தும்மல் வந்தால் விழுங்கு. காலேஜில் நான் உருப்படியாகச் செய்த ஒரே புராஜெக்ட் அதுதான்.

பயிற்சி பலித்தது. சித்தப்பா கோயில் குதிரைச் சிலை மாதிரி விழித்துக்கொண்டே ஓட்டினார். ஆலங்குடி தாண்டியது, புதுக்கோட்டை தாண்டியது. பெட்டி வாயைத் திறக்கவில்லை.

கீரனூர் வருவதற்கு முன்னால் வண்டி மெல்ல இடது பக்கம் போனது. டிவிஎஸ் மொபெட்டில் புல்லுக்கட்டோடு போன ஒரு பெண்மணி முன்னால் இருந்தார். சித்தப்பா அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அகல விரித்த கண்ணோடு. ஆனால் ஸ்டீயரிங்கில் இருந்த கை அசையவில்லை.

"சித்தப்பா!"

நான்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடியில் புல் உரசியது. மொபெட் மண்ணில் இறங்கி நின்றது. அந்தப் பெண்மணி காலை ஊன்றிக்கொண்டு, எங்கள் வம்சத்தையே திட்டினார். ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை.

பெட்டி பச்சை விளக்கோடு அமைதியாக இருந்தது. தும்மினால் ஊரைக் கூட்டியது, மாமா செத்ததற்கு ஊரைக் கூட்டியது. ஒரு உயிர் போக இருந்தபோது அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

பின்னாலிருந்து சம்சுன் நிஹார் அக்கா கேட்டார். "அண்ணே, என்ன மாத்திர போட்டீங்க?"

"மஞ்சள் ஒண்ணு. வெள்ளை ரெண்டு. ரோஸ்ல பாதி."

"பேரு?"

சித்தப்பா சட்டைப்பையிலிருந்து காலி உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்; அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அக்காவின் மடியில், மகனுக்காக எடுத்து வந்த சாப்பாட்டு டப்பா சரிந்து கிடந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"பெட்டி ஒண்ணும் சொல்லலையே சித்தப்பா," என்றேன். "மெதுவா ஓட்டுங்க. நான் பேச்சுக் குடுத்துக்கிட்டே வாரேன். முப்பது கிலோமீட்டர்தான்."

"நீ சும்மா இருடா."

ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி போனை எடுத்தார்.

"பாய், இன்னைக்குத் திருச்சி சவாரின்னீங்களே, ஆள எறக்கி விட்டாச்சா, எங்கிட்டு வாரீங்க? கீரனூருக்கு இங்கிட்டு நிக்கிறேன். இல்ல பாய், வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "ஒங்க வண்டிய இங்கிட்டுப் பூட்டி வச்சுட்டு இத எடுத்துக்கிருங்க. அக்காவுக்கு பிளைட் வார நேரம்."

அடுத்து முதலாளிக்குப் போன் போட்டார். ஆள் மாத்துகிறேன், மூணாவதா எழுதிக்கங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பின் சீட்டுக்குப் போகச் சொன்னார். இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, இடது சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.