சாவை முந்தின வண்டி

2001 தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மீன்சுருட்டி சாமிக்கண்ணு செத்துப்போன சேதியை மணிமாறன் அரியலூரில் அவர் மகள் வீட்டு வாசலில் நின்று சொன்னான். அந்த நேரத்தில் சாமிக்கண்ணு ஊரில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். தலைவிரிகோலமாக வந்து இறங்கிய மகளைப் பார்த்து, "என்னாடி இது, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே?" என்று கேட்டு, அவளோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் செத்தார்.

எல்லாம் இஞ்சின் செய்த வேலை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு போன் வந்தும் கேதத்தை நேரில் போய்த்தான் சொல்லணும். போனில் சொன்னால், "வந்து சொல்ல ஒரு ஆளுக்கா பஞ்சம்?" என்று முறுக்கிக்கொண்டு வரமாட்டார்கள். வண்டி வைத்திருந்த பாவத்துக்கு அந்த வேலை மணிமாறன் தலையில் விழுந்தது. 1999இல் அவன் சித்தி அமிர்தவல்லி செத்தபோது, பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வராமல் பொணத்தைத் தூக்க முடியவில்லை. சேதி சொல்லப்போன அவனுடைய நூறு சிசி வண்டி பெரம்பலூர் தாண்டி மூச்சுவாங்கி நின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம் வரை சித்தி வெயிலில் கிடந்தாள். வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதை அவனால் தாங்கவே முடியவில்லை. பெரம்பலூர் மெக்கானிக் முருகையனிடம் போய், நூத்தி முப்பத்தஞ்சு சிசி ஆக்கிக் கொடுங்க என்றான். "பெரிய பிளாக் உக்காரணும்னா அடி இஞ்சின் வாயை லேத்துல அறுக்கணும். அறுத்துட்டா பழசு திரும்ப உக்காராது, பாத்துக்க" என்றார் முருகையன். "அறுங்கண்ணே" என்றான்.

அப்போதிருந்து வண்டி சாவையே முந்த ஆரம்பித்தது. புண்ணாக்கு வாங்கக் கிளம்புவான். வண்டி யார் வீட்டு வாசலிலாவது போய் நிற்கும். அவன் வாய் சொல்லிவிடும். முதலில் மூன்று மணி நேரம், பிறகு அரை நாள், 2003இல் சரியாக ஒரு நாள் முந்தியது. ஒருதடவைகூடப் பொய்த்ததில்லை. ஊருக்கென்ன, வசதிதான். பிள்ளைகள் உசுரோடு முகம் பார்த்தார்கள், பந்தல்காரன் ஆற அமர வந்தான். மணிமாறனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி வளர்மதி பிறந்த ஊர் அரும்பாவூர். தன் வாய் அங்கே சொல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி, மாமனார் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போவான். வண்டியை விற்கப் பார்த்தான். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள். பழைய பிளாக்கைத் தூக்கிக்கொண்டு முருகையனிடம் மூன்று தடவை நடந்தான். அறுத்தது அறுத்ததுதான்.

2005 வைகாசியில் மகள் பிரவீணா பெரியமனுஷி ஆனாள். தாய்மாமனுக்கு அதையும் நேரில்தான் சொல்லணும். பார்த்து அன்றைக்கா பஸ் ஓடாமல் போகணும்? மணிமாறன் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். வளர்மதிக்கு எல்லாம் தெரியும். ஆனால் மகள் காரியமாச்சே. "எங்கண்ணன் சீரோட வராம எம்மவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்த முடியுமா? எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன். போயிட்டு வாங்க." வாய் நிறைய வெத்தலையை அடக்கிக்கொண்டு கிளம்பினான். சாயங்காலம் நாலு மணிக்கு அரும்பாவூரில் மச்சான் வீரமணியின் வாசலில் வெத்தலையைத் துப்பிவிட்டு அவன் வாய் சொன்னது: "வளர்மதி தவறிட்டா மச்சான்."

மறுநாள் விடிந்ததும் வீரமணி வேனில் இருபது பேரோடு வந்து இறங்கினான். கையில் சீர்த்தட்டு இல்லை, மாலையும் செவப்புக் கோடிச் சேலையும் இருந்தன. கோலம் போட்டுக்கொண்டிருந்த வளர்மதி நிமிர்ந்து அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எத்தனை மணிக்குச் சொன்னாருண்ணே?" என்று கேட்டாள். வீரமணி அழுதுகொண்டே நாலு விரலைக் காட்டினான். "அப்ப பொழுதிருக்கு. மொதல்ல பிரவீணாவுக்குத் தண்ணி ஊத்திடலாம், அப்பறம்னா தீட்டாயிடும்" என்றாள்.

வீரமணி வந்த வேனிலேயே ஜெயங்கொண்டம் போய்ச் சீர் எடுத்துவந்தான். பதினோரு மணிக்குச் சடங்கு முடிந்தது. வளர்மதி தன் கையாலேயே பந்தி பரிமாறினாள். கடைசியில் தானும் சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மூன்றரைக்குப் பாயை விரித்து உட்கார்ந்து, கோடிச் சேலையை வாங்கி மடியில் பிரித்துப் பார்த்தாள்.

"கரை நல்லாருக்குண்ணே" என்றாள்.