பினாங்குப் பல்லும் வேப்பிலைக் கஷாயமும்

முகைதீன் பிச்சை பினாங்கிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களிலேயே மதிப்பானது அவர் வாய்க்குள் இருந்தது. மேலும் கீழுமாக முழுப் பல்செட். அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. பெண்டாட்டி ரஹீமாவே பார்த்ததில்லை. தூங்கும்போதும் அது வாயில்தான். பொக்கை வாயை அவளுக்குக் காட்டுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்பது அவர் கட்சி. வீம்பு பிடித்த மனுஷர்.

பட்டினியும் வந்து சேர்ந்தது. அறுபத்தெட்டாம் வருஷம் அண்ணம் செக்கச் செவேலென்று புண்ணாகி, மீன் குழம்பு பட்டாலே கண்ணில் தண்ணீர் கொட்டியது. புதுவயல் அரிசி ஆலையில் மேஸ்திரி அவர். லாரிக்காரர்களை விரட்டுகிற குரல் சுரத்தில்லாமல் போயிற்று. காரைக்குடி டாக்டர் அவரை மட்டும் உள்ளே அழைத்து வாயைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ரஹீமாவிடமே சொன்னார்.

"பல்செட்ல பூஞ்சை படிஞ்சிருக்கும்மா. தினம் ராத்திரி கழட்டணும். தேய்ச்சுக் கழுவி, வேப்பிலைக் கஷாயத்துல ஊறப் போடுங்க."

ரஹீமா வேப்பிலையோடு கொய்யா இலையையும் போட்டுக் காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றித் துணியால் வேடுகட்டி வைத்தாள். காலையில் பார்த்தால் வேடு கட்டியது கட்டியபடி இருந்தது. மறுநாளும் அப்படியே. ராத்திரி ஊறப் போட்டு எடுத்ததாக அவர் சாதித்தார்.

"ஊறுனது பல்லா, இல்ல நீங்க சொல்ற பொய்யா?" என்று கேட்டாள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் குளிக்கப் போனவர் கதவை ஒரு சாண் திறந்து கையை மட்டும் நீட்டினார். கையில் பல்செட். "நான் குளிச்சு முடிக்கிறதுக்குள்ள குடுத்துரணும்."

அதற்குள் எப்படி ஊறும்? ரஹீமாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவித்த நெல்லில் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வது அவர்தானே? அடுப்பில் கொதிக்கிற கஷாயத்துக்குள்ளேயே பல்லைப் போட்டு அவித்துவிட்டாள்.

எடுத்தபோது அது வெயிலில் காய்ந்த அப்பளம்போல வளைந்திருந்தது. அவர் வாயில் நிற்கவே இல்லை.

"யாரு உன்னைய அவிக்கச் சொன்னது?" துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"நீங்கதான் சொல்லுவீக, அவிச்சதுல பூஞ்சை அண்டாதுன்னு."



மதுரையில் புதுப் பல் செய்து வர நாளாகும் என்றார்கள். ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சோற்றைக் கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தின்றார். ரஹீமா தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து அழுதாள். பல் கெட்டதற்காக அல்ல. அந்த முதுகைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

ஆனால் பல்செட் ஏறாத வாயில் புண் மெல்ல ஆறிவந்தது. ஒரு மத்தியானம் குழைந்த சோற்றில் மீன் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் தின்றார். எரியவில்லை. இன்னொரு வாய். ருசியில் எல்லாம் மறந்துபோய், துண்டு நழுவ அவள் பக்கம் திரும்பினார்.

"எரியவே இல்ல, ரஹீமா. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அவள் அந்த வாயையே பார்த்தாள். அவர் சட்டென்று துண்டைத் தேடினார்.

"வேணாம், எடுக்காதீக" என்றாள். "நீங்க பினாங்குல இருந்த பத்து வருசமும் உங்க மூஞ்சியப் பாக்காமத்தான் இருந்தேன். எங்கண்ணு முன்னால உக்காந்துக்கிட்டும் மறைச்சா, நான் எப்பத்தான் பாக்குறது?"

துண்டு அவர் மடியிலேயே கிடந்தது. அவள் குழம்பை ஊற்றினாள்.

புதுப் பல்செட் வந்த அன்றைக்கு, படுக்கப் போகுமுன் அதை அவரே கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கஷாயம் ஆறிருச்சா?"