குணமானவர்களின் விலாசம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னது நான்.

வேதியியல் படித்து முடித்த கையோடு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் துண்டறிக்கை தயாரித்தேன். காரைக்குடிப் பக்கம் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எங்கெங்கே கிடைக்கும் என்ற தகவல், ஒரே பக்கத்தில். பதினான்கு எண்கள் சேர்ந்தன. தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. பேச வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் அழைப்பேன். அட்டவணையின் கடைசிக் கட்டம், 'இங்கே குணமானவர் யாராவது?' அதற்காக, யாரோ சொன்ன ஒரு வீட்டுக்கு அழைத்தேன். ஓர் அம்மாள் எடுத்தார். நான் தாளை எடுப்பதற்குள் கேட்டார்:

"பொண்ணு வீட்டுலேர்ந்து விசாரிக்கிறீகளா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். கூச்சம்தான். பத்து நிமிடம் மகனைப் புகழ்ந்தார். நான் எதையும் கேட்கவில்லை. கட்டம் காலியாகவே அச்சுக்குப் போனது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: தேனம்மைக்கு இருபத்தொன்பது வயது. அவள் யாரையும் அவ்வளவு சீக்கிரத்தில்

(விட்டுவிட்டேன். சந்தேகப்படுகிறவள் என்று முதல் வரியிலேயே சொன்னால் நீங்கள் அவளைச் சந்தேகப்படுவீர்கள்.)

இரண்டாவது: செட்டிநாட்டின் பெரிய வீடுகளுக்குள்ளே ஒளிந்திருக்கும் ரகசியங்கள்

(இது சுற்றுலாக் கையேடு. அடித்தாயிற்று.)

மூன்றாவது: வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வரும் என்று ஆத்தா சொன்னாள்.

இது சரி. இங்கிருந்து போகலாம்.

ஆத்தா, அதாவது தேனம்மையின் அம்மா, அதைச் சொன்னது புதன்கிழமை மதியம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மின்கம்பத்தில் ஒட்டியிருந்த 'போதை மறக்க அழையுங்கள்' நோட்டீஸைப் பார்த்து, அவளே பேசி, அவளே முடிவுசெய்துவிட்டாள். வண்டி ஏகப்பனுக்காக. தேனம்மையின் தம்பி. இருபத்துநாலு வயது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோது கொடுத்த வலி மாத்திரையை, கால் கூடி இரண்டு வருடமாகியும் அவனால் விட முடியவில்லை. இப்போது எந்தக் கடையில், யார் கொடுக்கிறார்கள் என்பதை அவன் சொல்ல மாட்டான்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம் ஆத்தா. அங்கயே இதுக்கு டாக்டர் இருக்காக."

"அந்த வரிசையில நின்னா ஊருக்கே சீட்டு எழுதிக் குடுத்த மாதிரி. ஒனக்கும் இன்னும் ஆகலை, நெனப்பிருக்கட்டும்."

ஆகாதது கல்யாணம்.

ஏகப்பன் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவை அவன் ஆச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"ஆச்சி, வண்டியில தூக்கிப் போட்டா நான் குதிச்சிருவேன். நடந்து வாரேன். எங்கன்னு மட்டும் சொல்லு. அங்க போயி ஒருத்தனாவது நல்லாயிருக்கணும். ஒருத்தனைக் காட்டு, வாரேன்."

தேனம்மைக்கு இரண்டு நாள் இருந்தது. ஒருவனைக் காட்ட வேண்டும்.

3

பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றிய ஓரிடத்தில் தேனம்மைக்கு வரவேற்பில் வேலை. யாரிடமும் இனிமையாகப் பேசி விவரம் வாங்கத் தெரியும். (என்னிடம் இல்லாததை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.) நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தவன் பெயர் வேல்பாண்டி.

"அண்ணே, அங்க டாக்டர் பேரு என்ன?"

"டாக்டர் வருவாரு தங்கச்சி."

"பேரு?"

"வாரத்துக்கு ஒருத்தர் வருவாரு. நீங்க பையனை வெளிய விடாம வச்சிருங்க, போதும். நாங்க நாலு ஆளு வாரோம்."

"பதிவுச் சான்றிதழ் இருக்கா?"

"ஆபீஸ்ல இருக்கு."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"என்ன தங்கச்சி, போலீஸ் வேலையில இருக்கீகளா?" சிரித்தான். "நாப்பத்தஞ்சு நாளு யாரும் பாக்க வரக்கூடாது, போனும் கெடையாது. தங்கமாத் திரும்புவான். காரைக்குடியிலயே ஒரு செட்டியார் வீட்டுப் பையன் நம்மகிட்ட இருந்துட்டுப் போயி சூப்பரா இருக்கான்."

"யாரு?"

"பேரு சொல்ல மாட்டோம். அதுல நாங்க சுத்தம்."*

* அவள் கேட்ட மூன்று கேள்விகளும் என் துண்டறிக்கையில் இருந்தவை. இடத்தின் முகவரி, மருத்துவர் பெயர், பதிவுச் சான்றிதழ். 14446 என்ற கட்டணமில்லா அரசு எண்ணும் அதில் உண்டு. துண்டறிக்கை சரியானதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் யாரையும் நம்பியதாக எனக்குத் தகவல் இல்லை.

பெயர் சொல்லாவிட்டாலும் தேனம்மைக்கு ஓர் ஊகம் இருந்தது. கோவிலூர் சாலையில் நாச்சியம்மை ஆச்சியின் மகன் கார்த்திகேய சிவம். எட்டு மாதம் சிங்கப்பூரில் இருந்தான் என்றார்கள். சிங்கப்பூரிலிருந்து யாருக்கும் ஒரு தைலப்புட்டிகூட வரவில்லை. போனபோது கை நடுங்கிக்கொண்டிருந்தவன், இப்போது அச்சகத்தில் நேர்க்கோடாகத் தாள் வெட்டுகிறான்.

அவன் குணமானது எங்கே? வேல்பாண்டியிடமா, வேறிடத்திலா? அவன் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் எப்படிக் கேட்பது? இந்த ஊரில் ஒரு வீட்டுப் பையனைப் பற்றித் துருவிக் கேட்க ஒரே ஒரு மரியாதையான வழிதான் இருக்கிறது. வரன் விசாரிப்பது.

4

வியாழக்கிழமை காலை பதினோரு மணி.

"யாரு பேசுறீக?"

"தேவகோட்டையிலேர்ந்து ஆச்சி. எங்க சித்தப்பா மகளுக்கு வரன் பாக்குறோம். ஒங்க மகனைப் பத்தி நல்லவிதமாச் சொன்னாக."

"சொல்லுவாக, சொல்லுவாக. எம்புள்ள வெத்தலை பாக்குக்கூடப் போட மாட்டான். பொண்ணு என்ன படிச்சிருக்கு? நீங்க எந்தக் கோயில்?"

நகரத்தார் குடும்பங்கள் ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவை. இரண்டு வீடும் ஒரே கோயில் என்றால் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, சம்பந்தம் கிடையாது. தேனம்மை ஊரை யோசித்துவைத்திருந்தாள், பெண்ணின் படிப்பை, சம்பளத்தை, நிறத்தைக்கூட. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் தயாராக இல்லை. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து சொல்லிவந்த பதில், வாயைத் திறந்ததும் தானாக வந்தது.

"பிள்ளையார்பட்டி."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் நின்றது.

"நாங்களும் பிள்ளையார்பட்டிதான். அண்ணனுக்குத் தங்கச்சியவா பேச வந்த? யாருடி நீ? யாரு சொல்லி எம்புள்ளையத் துருவுற?"

தேனம்மை இணைப்பைத் துண்டித்தாள். 

5

இதுவரை படித்த என் தோழி நித்யஸ்ரீ கேட்டாள்: "நம்பவே முடியலடி. பையன் வீடு எந்தக் கோயில்னு தெரியாமலா கூப்பிடுவா? மொதல்ல அதைத்தானே பாப்பாங்க?"

கல்யாணத்துக்காகக் கூப்பிடுகிறவள் பார்த்திருப்பாள். தேனம்மை கல்யாணத்துக்காகக் கூப்பிடவில்லை. அவள் மனதில் இருந்தது தம்பி மட்டும்தான்.

தேனம்மைமேல் எனக்குள்ள சந்தேகம் வேறு. இவ்வளவு அழகாகப் பொய் பேசுகிறவள், சொந்த வீட்டில் எத்தனை பேரிடம் இதே குரலில் பேசியிருப்பாள்? 'தம்பிக்குக் காய்ச்சல்.' 'தம்பி பரீட்சைக்குப் படிக்கிறான்.' நாச்சியம்மை சொன்ன பொய்யும் அதே ரகம்தான்.

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறியக் குணமானவர்களையும் பார்க்க வேண்டும், குணமாகாதவர்களையும் பார்க்க வேண்டும். முதலாண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இந்த ஊரில் குணமாகாதவர்கள் தெருவில் விழுந்து கிடப்பதால் எல்லோருக்கும் தெரிகிறார்கள். குணமானவர்கள் எல்லோரும் சிங்கப்பூரில் இருந்தவர்கள். அதனால் எந்த இடம் நல்ல இடம் என்று யாருக்கும் தெரியாது. மின்கம்பத்து நோட்டீஸ்தான் மிச்சம்.

6

வெள்ளிக்கிழமை. மணி எட்டே முக்கால். நாச்சியம்மை வீட்டு முகப்பில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். தேனம்மை "ஆச்சி" என்றதும் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானே போன்ல பேசுனவ?"

"ஆமா ஆச்சி."

"இப்ப எந்தக் கோயில்? ராத்திரியோட மாத்திட்டியா?"

"அதேதான் ஆச்சி. நேத்து சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம். அதனாலதான் நேர்ல வந்தேன். நம்ம ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தம் பேச வழியே இல்ல. எங்கிட்ட ஒளிச்சு ஒங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

"சம்பந்தி வாயக்கூட மூடிப்புடலாம். பங்காளி வாய்க்கு யாரு பூட்டுப் போடுறது? இங்குட்டுக் கேட்டுட்டு அங்குட்டுப் போயி நாலு வீட்டுல சொன்னா?"

"என் தம்பி பேரு ஏகப்பன். வலி மாத்திரை. ரெண்டு வருசம். பத்து மணிக்கு நாலு பேரு தூக்கிட்டுப் போக வாராக. எங்க கொண்டு போவாகன்னு தெரியாது." தேனம்மை மூச்சுவிட்டாள். "இப்ப ஒங்ககிட்டயும் ஒரு பேரு இருக்கு ஆச்சி. நான் வாயத் தொறந்தா நீங்களும் தொறக்கலாம்."

நாச்சியம்மை அவள் கழுத்தைப் பார்த்தார்.

"ஒனக்கு இன்னும் ஆகலையா?"

"இல்ல."

"இது வெளிய போனா ஒன்னய யாருடி கேட்டு வருவா?"

"தெரியும் ஆச்சி."

"போன மாசம் ஒருத்தி இதே கதைய அழுதுக்கிட்டே சொன்னா. பொண்ணு வீட்டுக்காரக அனுப்புன ஆளு. நீ அழவும் மாட்டேங்குற." கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "கெட்டிக்காரியா, நெசமாவே கஷ்டப்படுறவளான்னு தெரியலை."

"இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

7

உள்ளே போனவர் என்ன கொண்டு வருகிறார்? இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் ஒரு சீட்டு. மருத்துவர் பெயர், இடம், பேருந்து எண். 'வண்டிக்காரனை வாசப்படி ஏற விடாத' என்று வாய்மொழியாக ஒரு வரி. ஏகப்பன் சொன்னபடி தானே நடந்துபோய்ப் பேருந்தில் ஏறுகிறான். இதை எழுதியபோது சந்தோஷமாக இருந்தது, அதனாலேயே நம்பவில்லை. இன்னொரு சிக்கல்: சீட்டில் ஓர் இடத்தின் பெயரை நான் கற்பனையாக எழுத வேண்டும். யாராவது அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம்.

இரண்டாவதில் ஒரு செம்புத் தண்ணீர். "குடிச்சிட்டுப் போ. எம்புள்ள சிங்கப்பூர்லதான் இருந்தான்." தேனம்மை குடித்துவிட்டுப் போகிறாள். பத்து மணிக்கு வண்டி நிற்கிறது, நான்கு பேர் இறங்குகிறார்கள், ஏகப்பன் மாடிப்படியிலிருந்து எழுந்து

இதற்குமேல் எழுத முடியவில்லை. நாற்பத்தைந்து நாள் யாரும் பார்க்கக்கூடாது என்றார்களே, அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம்.

தெரியாததைத் தெரியும் என்று எழுத எனக்குப் பழக்கமில்லை. அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் வீட்டிலோ, மைத்துனர் வீட்டிலோ, யாரோ ஒருவர் சில மாதம் எங்கோ இருந்துவிட்டு நன்றாகத் திரும்பியிருக்கிறார். எங்கே என்று நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. இந்த வரியைப் படிக்கும்போதுகூட முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மணி ஒன்பது. தேனம்மை முகப்பில் நிற்கிறாள். உள்ளே நிற்பது நீங்கள்.