ஏஞ்சல் கடிக்கும் நாட்கள்

மஹாலட்சுமியைப் பார்த்தாலே பிரவீனாவுக்கு வயிறு எரிந்தது. இத்தனைக்கும் அந்த அம்மாள் இவளுக்கு ஒரு கெடுதலும் செய்தவள் இல்லை. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் மாடி அறையில் கூடும் பெற்றோர் குழுவுக்கு இருவரும் வருவார்கள், அவ்வளவுதான் பழக்கம். சமாளிக்க முடியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் பதினோரு குடும்பங்கள் சேர்ந்த குழு அது. அந்தக் குழுவுக்கு மஹாலட்சுமிதான் ராணி.

காரணம் அவள் மகன் சிவராஜ். ஏழு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்பு சுவரில் மண்டையை மோதிக்கொண்டிருந்தவன், இப்போது அறை மூலையில் உட்கார்ந்து பஸ் நம்பர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருப்பான். ஒரு சத்தம் வராது. குழுவை நடத்தும் திரிஷா, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சின்னப் பெண், யார் எதைக் கேட்டாலும் "மஹாலட்சுமி அக்காவக் கேளுங்க" என்பாள். எட்டாவதோடு நின்று தறிக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டவளைப் போய்க் கேட்க வேண்டுமாம்.

பிரவீனா படித்தது பி.காம். வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. கூட்டமில்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் தேடி, குழந்தைகள் ஏன் கடிக்கின்றன என்பதைப் பற்றி நூற்றுப்பத்துப் பக்கம் பிரின்ட் எடுத்துப் படித்திருந்தாள். படித்தபடியே பாலை நிறுத்தினாள், கோதுமையை நிறுத்தினாள், டி.வி.யைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள். அவள் மகள் ஏஞ்சல் எதற்கும் மசியவில்லை. ஐந்து வயது. பல நாள் தங்கமாக இருப்பாள். திடீரென்று ஒருநாள் எழுந்ததிலிருந்தே உறுமிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு யார் கை அகப்பட்டாலும் கடிதான்.

பள்ளிக்கூடம் திறந்த இரண்டு மாதத்தில் மூன்று பிள்ளைகளைக் கடித்துவிட்டாள். "இன்னொரு தடவ நடந்தா வேற ஸ்கூல் பாத்துக்குங்க மேடம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்கள் கையை விரித்த பிறகு கிடைத்த இடம் இது. இதுவும் போனால் ஏஞ்சல் வீட்டோடுதான்.

ஆகஸ்ட் கூட்டத்துக்குப் பிரவீனா ஒரு நோட்டோடு போனாள். கடித்த தேதி, நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, தூங்கிய மணிக்கணக்கு என்று எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். திரிஷா புரட்டிப் பார்த்து, "சூப்பரா எழுதியிருக்கீங்கக்கா" என்றதோடு சரி. டீ குடிக்க எல்லோரும் எழுந்தபோது மஹாலட்சுமி டம்ளரோடு இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நோட்டக் குடும்மா, பாக்கலாம்."

கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தாள். மஹாலட்சுமி கட்டங்களைத் தொடவே இல்லை, தேதிகளை மட்டும் விரல் வைத்துப் படித்தாள்.

"ஜூன் இருவத்தஞ்சு. ஜூலை இருவத்திநாலு. ரெண்டும் அமாவாசையாச்சேமா."

பிரவீனாவுக்குச் சுருக்கென்றது. மாமியார் கங்கையம்மாளும் ஒருமுறை இதைத்தான் சொல்ல வந்தாள். "ஜெபம் பண்ற வீட்ல அந்தப் பேச்சு வேணாம் அத்த" என்று பிரவீனா அவள் வாயை அடைத்துவிட்டாள். இவள் வீட்டுச் சுவரில் தொங்குவது சர்ச் காலண்டர். அதில் அமாவாசை போடுவதில்லை. வேறு காலண்டரில் பார்ப்பதில்லை என்று வீம்பாகவும் இருந்தாள்.

"நாங்க அதெல்லாம் நம்பறதில்லக்கா."

"நான் பேய் பிசாசச் சொல்லலமா. அமாவாசைக்கு நாங்க தறியில ஒக்கார மாட்டோம். உங்க வீட்டாண்ட தறி ஓடுதா?"

ஓடுகிறது என்று பிரவீனா தலையாட்டினாள். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்கும் நெசவாளர் உதயகுமார் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலை ஐந்தரைக்கு அந்தப் பக்கம் தறி அடிக்க ஆரம்பிக்கும். ஏஞ்சலின் பாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறாள். பிரவீனாவின் காதில் அது விழாமல் போய் வருஷக்கணக்கு ஆகிறது.

"அப்ப இந்த ஜூலை பத்து? அன்னிக்கு அமாவாசை இல்லியே" என்று மடக்கினாள். மடக்கிய பிறகுதான் நினைவு வந்தது. அன்று உதயகுமார் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மாகறலில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். சாவியை இவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். அதை மட்டும் அவள் வாய் திறந்து சொல்லவில்லை.

"தறிச் சத்தம் இல்லாத நாளு புள்ளைக்கு ஆவலியோ என்னமோ. எதுக்கும் அந்தச் சத்தத்த போன்ல புடிச்சு வச்சிக்கமா. இருவத்திரெண்டாந் தேதி அடுத்த அமாவாசை வருது, ஸ்கூல் இருக்கற நாளு. எங்க வீட்டுக்காரரு நெய்யறத நானே அனுப்பறேன்."

சாயங்காலமே அது வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பிரவீனா கேட்டுக்கூடப் பார்க்கவில்லை, அழித்துவிட்டாள். நூற்றுப்பத்துப் பக்கம் படித்தவளுக்குத் தெரியாதது, ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் அந்த மஹாலட்சுமிக்குத் தெரிந்துவிட்டதா? தான் பெற்ற பிள்ளையை இன்னொருத்தி படித்துச் சொல்வதைவிட இன்னும் எண்பது தடவை கடி பட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. பெற்ற பிள்ளை விஷயத்தில் இப்படியும் ஒருத்திக்குப் புத்தி போகுமா என்றால், போனது.

ஆனாலும் பள்ளிக்கூடம் கண்முன் நின்றது. இருபத்தொன்றாம் தேதி உதயகுமார் வீட்டுக்குப் போய், தறிப் பக்கத்தில் போனை வைத்து நாற்பது நிமிஷம் பதிவு செய்துகொண்டாள்.

"எதுக்கும்மா இது?" என்றார் அவர்.

"சும்மாதான்ணா" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதி எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் பிரவீனாவுக்கு உறைத்தது. ஏஞ்சல் புரண்டாள், பல்லைக் கடித்தாள். பிரவீனா தலைமாட்டில் போனை வைத்துத் தறிச் சத்தத்தை ஓடவிட்டாள். டக்கு டக்கென்று அது அடிக்க அடிக்க, பிள்ளையின் தாடை மெல்லத் தளர்ந்தது. போனை இழுத்துக் கன்னத்தில் அணைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் தூங்கினாள். எழுந்து இட்லி தின்றாள், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டாள்.

மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் மிஸ், "இன்னிக்கி ரொம்ப சமத்து" என்றாள். கடைக்குப் போய் மெஷினுக்குப் பின்னால் நின்று பிரவீனா வாய்விட்டு அழுதாள்.

செப்டம்பர் கூட்டத்தில், ஏஞ்சல் ஒரு மாதமாகக் கடிக்கவில்லை என்று கேட்டதும் திரிஷா எழுந்தே நின்றுவிட்டாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

மஹாலட்சுமி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பிரவீனா அவள் பக்கம் திரும்பவில்லை.

"நோட்டுல ஒவ்வொண்ணாப் பாத்துக்கினே வந்தேன். தறி ஓடாத நாள்லதான் கடிக்கறாள்னு எனக்குப் புரிஞ்சிது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆளுக்கு ஆள் நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். "இனிமே சந்தேகம் இருந்தா பிரவீனா அக்காவக் கேளுங்க" என்றாள் திரிஷா. மஹாலட்சுமியும் கைதட்டினாள்.

கூட்டம் முடிந்து கீழே வந்தபோது மஹாலட்சுமி மாடிப்படி அடியில் காத்திருந்தாள். சிவராஜ் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். பிரவீனா சண்டைக்குத் தயாரானாள். என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க நாக்கு நுனியில் பதில் வைத்திருந்தாள்.

"அந்தப் பேரு உனக்கே இருக்கட்டும்மா" என்றாள் மஹாலட்சுமி. "உன்ன ஒண்ணு கேக்கணும். ஏஞ்சலுக்கு மனசு சரியில்லன்னா மொதல்ல யாராண்ட ஓடியாறா?"

"எங்கிட்டதான். வந்து கடிப்பா."

"கடிக்கறதுக்கானாலும் உங்கிட்டதான வர்றா." மஹாலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "இவன் வர மாட்டான். விழுந்து முட்டி பேந்து ரத்தம் வந்தாலும் தறிக்குழியில எறங்கி ஒக்காந்துக்குவான். நான் கிட்டப் போனா சுவத்தோட ஒட்டிக்குவான். ஏழு வருசத்துல அவனா வந்து என் கையப் புடிச்சதில்ல. நீ அவ்ளோ தேடிப் படிச்சிருக்கியே, அதுக்கு எங்கனா எதுனா போட்டிருக்குதா? மாடியில கூட்டத்துல கேக்க எனக்கு வெக்கமா இருக்குது. அங்க எல்லாரும் என்னத்தான கேக்கறாங்க."

பிரவீனாவுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம். என் பிள்ளை என்னிடம் வருகிறாள், உன் பிள்ளை வரவில்லை என்று உள்ளுக்குள் குளிர்ந்தது. அடுத்த நொடியே, ரத்தம் கசிகிற முழங்காலோடு குழியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் மேலே குனிந்து நிற்கும் தாயும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அதைப் பார்த்தா குளிர்ந்தோம் என்று கூசிப்போனாள்.

"தெரியலக்கா" என்றாள். "நான் அதத் தேடிப் பாத்ததில்ல. நாளைக்குக் கடைக்கு வாங்க, ரெண்டு பேரும் ஒக்காந்து தேடலாம்."

மஹாலட்சுமி தலையாட்டினாள்.

"ஒரு நிமிஷம் இங்கியே இருங்க. நோட்டப் பாத்துச் சொன்னது நீங்கதான்னு மேல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா?"

பிரவீனா திரும்பிப் படியேறினாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. அந்தக் கைதட்டல் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளையும் ஏறினாள்.